மிட்செஞ்சுரி கிண்ணமா, எவர்சில்வர் டவராவா? வேலூர்ப் பக்கம் பழைய சமையலறைச் சாமான் சேர்ப்பவர்கள் வரவும்

சத்துவாச்சாரிவாசி

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தோட்டப்பாளையம் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், அந்த வீட்டுச் சாமான் எல்லாம் ஒரு காயலான் கடைக்கு வந்து இறங்கியிருக்கிறது. அதில் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். உள்ளே பால் வெள்ளை, வெளியே கெட்டியான வண்ணம். பெரியது மஞ்சள், அடுத்தது பச்சை, சின்னது நீலம். அடியில் பைரெக்ஸ் என்றும் மேட் இன் யூ.எஸ்.ஏ. என்றும் புடைப்பாக இருக்கிறது, கூடவே 404, 403, 401 என்று எண்கள்.

கடைக்காரர் "ஆன்டிக்மா, எங்கேயும் கிடைக்காது" என்று மூன்றுக்கும் சேர்த்து ஆறாயிரம் கேட்கிறார். மிட்செஞ்சுரி, அதாவது 1950-இலிருந்து 70 வரைக்குமான சமையலறைச் சாமான் என்றால் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எனாமல் கேரியர், ஈகிள் பிளாஸ்க், மெலமைன் தட்டு என்று கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்த விலைக்கு எதையும் வாங்கியது இல்லை. இது அசல்தானா? அசல் என்றால் இதில் சாப்பிடலாமா, இல்லை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

அக்கா, எண்ணையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால் அசல்தான். பைரெக்ஸ் என்பது அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியின் பிராண்டு, அவர்கள் 1940-களில் கொண்டுவந்த நான்கு கிண்ண செட் இது. 404 மஞ்சள், 403 பச்சை, 402 சிவப்பு, 401 நீலம். மஞ்சளில் 3.8 லிட்டர் பிடிக்கும், நீலத்தில் 0.7 லிட்டர்தான். உங்களிடம் சிவப்பு இல்லை, அதனால் செட் முழுசு இல்லை, அந்தக் காரணத்தைச் சொல்லியே விலையை நன்றாக இறக்கலாம். ஆரம்பத்தில் வந்தவற்றில் அடியில் எண் இருக்காது, எனவே உங்களுடையது முதல் ஓரிரு வருடத்துச் சரக்கு இல்லை. அதற்காக வருத்தப்பட ஒன்றும் இல்லை.

ஆன்டிக் என்ற பேச்சே தப்பு. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி பார்த்தாலும் பாத்திரம் பண்டம் நூறு வருடம் தாண்டினால்தான் தொல்பொருள். இது உங்கள் அம்மா வயதுப் பொருள், அவ்வளவுதான். அதனால் பதிவு, அனுமதி என்று யாராவது பயமுறுத்தினாலும் நம்ப வேண்டாம்.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது வேறு. பைரெக்ஸ் செய்கிற உரிமையை கனடா தவிர்த்த பிரிட்டிஷ் பேரரசு முழுமைக்கும் 1921-லேயே இங்கிலாந்தின் ஜாப்ளிங் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் மெட்ராஸ் கடைகளுக்கு முறைப்படி வந்த பைரெக்ஸ் எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு, அடியில் மேட் இன் இங்கிலாந்து என்று இருக்கும். உங்களுடையதில் யூ.எஸ்.ஏ. என்று இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் கடையில் வாங்கியது இல்லை, யாரோ தம் டிரங்குப் பெட்டியில் கப்பலில் கொண்டுவந்தது. வேலூரில் அது யாராக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1853-லிருந்து அமெரிக்க ஆற்காடு மிஷன் இந்தப் பக்கம்தான் இருந்தது, சி.எம்.சி. ஆஸ்பத்திரி 1900-இல் அவர்கள் வழியாக வந்தது, 1955-இல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை வந்தது. ஐம்பது, அறுபதுகளில் குடும்பத்தோடு வந்து தங்கி, திரும்பும்போது மேசை நாற்காலியிலிருந்து கரண்டி வரைக்கும் விற்றுவிட்டோ, சமையல்காரருக்கும் ஆயாவுக்கும் கொடுத்துவிட்டோ போன வெளிநாட்டு டாக்டர்கள் எத்தனை பேர். இது ஊகம்தான், ஆனால் கடைக்காரரிடம் அந்த வீட்டுக்காரர் யார் என்று கேட்டு வையுங்கள். வீடு தரைமட்டமான பிறகு சொல்ல ஆள் கிடைக்காது.

பயன்படுத்துவது பற்றி: இது பதப்படுத்திய ஓபல் கண்ணாடி, அதாவது பால் மாதிரி வெள்ளையான கண்ணாடி, போரோசில் பீக்கர் மாதிரி தீயில் காட்டுகிற வகை இல்லை. அடுப்பின் மேல் வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொதிக்கிற சாம்பாரை ஊற்றவும் கூடாது.

குடியாத்தம் தறி

ஆறாயிரமா? அந்தக் காசுக்கு எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கே சீர் பாத்திரம் வாங்கிவிடுவோம்.

ராணிப்பேட்டைச் சூளை

நான் பீங்கான் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்ணாடி என் துறை இல்லை, இருந்தாலும் எந்தக் கிண்ணமானாலும் வாங்குகிறதுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளங்கையில் அல்லது மூன்று விரலில் நிறுத்தி, இன்னொரு கை நகத்தால் விளிம்பைத் தட்டுங்கள். ணங் என்று இழுத்து ஒலித்தால் உடல் முழுசாக இருக்கிறது. டொக் என்று செத்துப்போன சத்தம் வந்தால் எங்கேயோ மயிரிழை விரிசல் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு முழுக்க விரலை ஓட்டுங்கள், கண் தவறவிடுகிற சில்லை விரல் பிடித்துவிடும். பீங்கானில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டு எழுதுகிற மை வைத்துத் துடைத்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் மை உள்ளே இறங்கிக் கோடாக நிற்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐம்பதுகளின் பொருள் வேண்டும் என்றால் நம் வட்டாரத்திலேயே செய்தது இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் சேர்ப்பதில்லை? பேரி கம்பெனி 1952-இல் ராணிப்பேட்டையில் பேரிவேர் தொடங்கியது. அந்தக் காலத்து வாஷ்பேசின்களைப் பாருங்கள், வளைவைப் பாருங்கள், 1,200 டிகிரி வாக்கில் சுட்ட உடம்பு, இத்தனை வருடம் கழித்தும் ஒரு பொட்டு தண்ணீர் உறிஞ்சாது. வீடு புதுப்பிக்கிறவர்கள் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுகிறார்கள். அந்த மண், அந்த அச்சு, அதை ஊற்றிய ஆள் எல்லாம் இங்கேயே இருந்தவர்கள். அமெரிக்கக் கிண்ணத்துக்கு ஆறாயிரம், நம் பேசினுக்குச் சுத்தியலா?

குடியாத்தம் தறி

சார், கிண்ணத்தில் கேசரி வைத்து விருந்தாளிக்குக் கொடுக்கலாம். வாஷ்பேசினில் எதை வைத்துக் கொடுப்பது?

ராணிப்பேட்டைச் சூளை

துளசி வைக்கலாம் தம்பி. என் வீட்டு மொட்டை மாடியில் ஒன்றில் அல்லி இருக்கிறது, வந்து பார்.

ஆம்பூர்க்காரன்

ராணிப்பேட்டை சாருக்கு சலாம். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் "வெளியூர்ச் சாமான், உள்ளூர்ச் சாமான்" என்று அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. எங்கள் பக்கம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எங்கும், தோல் வியாபாரக் குடும்பங்களின் கூடத்தில் சுவரோடு ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். வியாபாரத்துக்குப் போனவர்கள் வாங்கி வந்த டீ செட், பழத்தட்டு, ஃப்ளவர் வாஸ் எல்லாம் அதற்குள். எங்கள் தாதா காலத்து ஜப்பான் கோப்பைகள் இன்னும் இருக்கின்றன, பெருநாளைக்கு இறக்குவோம், மறுநாள் துடைத்து ஏற்றிவிடுவோம். மூன்று தலைமுறை ஒரு வீட்டில் ஈத் டீ குடித்த கோப்பை எந்த ஊர்க் கோப்பை?

வயது கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், இந்த அலமாரியை வைத்தே நான் கற்றது. கோப்பையின் அடியில் நாட்டின் பெயர் என்ன என்று பாருங்கள். நிப்பான் என்று இருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முந்தியது, அதற்குப் பிறகு ஜப்பான் என்று போட ஆரம்பித்தார்கள். 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் போர் முடிந்து அமெரிக்கர் கையில் நாடு இருந்த காலம், 1947-இலிருந்து 52 வரைக்கும். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 90-க்கும் நடுவே. செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் 1918-க்குப் பிறகு, 1992-க்குள். இன்றைக்கு இல்லாத நாட்டின் பெயரை அடியில் அச்சடித்து வைத்திருக்கிற கோப்பையைப் பார்த்தால் எனக்கு ஒரு தனி சந்தோஷம், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காட்பாடி ஜங்ஷன்

பாய், அருமை. ராணிப்பேட்டை சார், உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மிட்செஞ்சுரி என்று வெளிநாட்டில் கொண்டாடுகிறார்களே, அந்தச் சாமானில் பாதி பணக்காரச் சாமான் இல்லை. இங்கிலாந்தில் ரிட்ஜ்வே கம்பெனியின் ஹோம்மேக்கர் தட்டு என்று ஒன்று, ஈனிட் சீனி என்ற பெண் வரைந்தது, வெள்ளையில் கறுப்பாக நாற்காலி, விளக்கு, பூந்தொட்டி என்று அந்தக் காலத்து வீட்டுப் படம். ஐம்பதுகளின் கடைசியில் உல்வொர்த்ஸ் என்ற சல்லிசு விலைக் கடையில் சாதாரண ஜனங்கள் வாங்கியது. இன்றைக்கு அதைத் தேடி அலைகிறார்கள். ஃபின்லாந்தில் கய் ஃபிராங்க் என்பவர் 1953-இல் கில்தா என்று ஒரு வரிசை போட்டார். பூ இல்லை, தங்கக் கோடு இல்லை, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம், தனித்தனியாக வாங்கலாம், அடுப்பறைக்கும் அதே, மேசைக்கும் அதே. இதைக் கேட்டால் நம் ஊர் அம்மாக்கள் "இதில் என்னப்பா புதுசு" என்பார்கள். அடுக்குப் பாத்திரம் நமக்குக் காலங்காலமாக இருக்கிறது. டேனிஷ்காரர் குவிஸ்ட்கார்ட் ஐம்பதுகளில் டான்ஸ்க் கம்பெனிக்காக வடிவமைத்த எனாமல் பாத்திரத்தில் மூடியைத் திருப்பிப் போட்டால் அதுவே பிரிமனை. அதையும் பார்த்து அசந்து போகிறார்கள்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதி, மிட்செஞ்சுரி நாற்காலி என்றாலே முதலில் சொல்கிற பெயர் அவர்களுடையது, 1958-இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அதை ஒட்டித்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது. நாடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு அவர்கள் மிக அழகான பொருள் என்று எழுதியது எதை தெரியுமா? சொம்பை. இடுப்பில் எப்படி உட்காருகிறது, தலையில் எப்படி நிற்கிறது, ஊற்றும்போது எப்படிச் சாய்கிறது, நிறைந்திருக்கும்போது எடை எங்கே இருக்கிறது, காலியானால் எங்கே போகிறது என்று வரிசையாகக் கேள்வி அடுக்கியிருப்பார்கள். ஆகவே நம் சொம்பையும் டவராவையும் இந்தப் பட்டியலில் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்காகப் பைரெக்ஸை விரட்ட வேண்டியதும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி

அழகெல்லாம் இருக்கட்டும், யாராவது ஈயம் பற்றிப் பேசுவீர்கள் என்று பார்த்தேன். பேசவில்லை, அதனால் நான்.

அந்தக் காலத்து வண்ணத்திலும் பீங்கான் மெருகிலும் ஈயம் சாதாரணமாக இருந்தது. பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியமும் இருக்கலாம். அக்காவின் கிண்ணத்தில் வண்ணம் வெளிப்புறம்தான், உணவு படுகிற உள்பக்கம் வெறும் வெள்ளைக் கண்ணாடி, அதனால் பயம் குறைவு. ஆனால் வண்ணம் உரிந்து பொடியாக வருகிற நிலையில் இருந்தால் அலமாரியோடு நிறுத்துங்கள், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். உள்பக்கம் வண்ணமோ படமோ இருக்கிற பழைய பீங்கான் தட்டு என்றால் புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை ஊறுகாய், தயிர் எதையும் அதில் வைக்காதீர்கள். புளிப்புதான் ஈயத்தை வெளியே இழுக்கிறது, சூடும் நேரமும் சேர்ந்தால் இன்னும் அதிகம். மெலமைன் தட்டில் சுடச்சுட ரசம் சோறும் வேண்டாம், மைக்ரோவேவ் அறவே வேண்டாம்.

எனாமலில் சில்லு பெயர்ந்திருந்தால் அந்தப் பாத்திரத்தில் சமைக்கக் கூடாது. எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி. ஓரம் பெயர்ந்த இடத்தில் துரு ஏறும், பக்கத்துச் சில்லும் கழன்று சாப்பாட்டில் விழும்.

ஆம்பூர்க்காரன்

டீச்சர், நகைக்கடையில் தங்கம் எவ்வளவு என்று பார்க்கிற மெஷின் இருக்கிறதே, அதில் கோப்பையை வைத்துப் பார்த்தால் ஈயம் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி

அதுவும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின்தான், தத்துவம் ஒன்றே. எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் கொடுக்கும், அதை வைத்து என்ன இருக்கிறது என்று சொல்லும். ஆனால் நகைக்கடை மெஷினைத் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் என்று உலோகக் கலவைக்காக அளவு சரிசெய்து வைத்திருப்பார்கள். கண்ணாடி மெருகில் இருக்கிற ஈயத்துக்கு அது காட்டுகிற எண்ணை நம்ப முடியாது. தவிர, ஈயம் இருக்கிறது என்பது ஒன்று, உணவில் இறங்குகிறது என்பது வேறொன்று. இறங்குகிறதா என்று பார்க்க அசிட்டிக் அமிலக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து அந்தக் கரைசலைச் சோதிக்க வேண்டும், அது ஆய்வகத்து வேலை. வீட்டுக்கு எளிய வழி, உள்பக்கம் வண்ணம் உள்ளதில் சாப்பிடாமல் இருப்பதுதான்.

அரக்கோணம் பேசஞ்சர்

பச்சைக் கண்ணாடி டம்ளர் ஒன்று என்னிடம் இருக்கிறது, ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா லைட்டில் காட்டினால் பச்சையாக ஜொலிக்கிறது! பேயா?

பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி

யுரேனியம். பயப்பட வேண்டாம், நிறத்துக்காகக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அலமாரியில் இருப்பதால் ஒன்றும் ஆகாது. தினம் அதில் மோர் குடிக்க வேண்டாம்.

ஆரணி அண்ணி

நீங்கள் எல்லாம் பீங்கானையும் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் சேர்ப்பது பேர் வெட்டிய எவர்சில்வர். ஊரில் யார் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பினாலும் ஏதாவது எழுதியிருக்கும். யார், யாருக்கு, எந்தக் கல்யாணத்துக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது தட்டு, டம்ளர், கரண்டி என்று ஒன்று விடாமல் இப்படித் தேதி போட்டு வைக்கிறார்களா எனக்குத் தெரியவில்லை. பைரெக்ஸ்காரர் எண்ணையும் முத்திரையையும் வைத்து வயதை ஊகிக்கிறார், நான் படித்துவிடுகிறேன்.

தேதி இல்லாவிட்டாலும் எழுத்து காட்டிக்கொடுக்கும். பழையதில் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பார்கள், பிற்பாடு வந்ததில் கரண்டு மெஷினால் கிறுக்கியிருக்கும், கோடு வழுக்கிக்கொண்டு ஓடும். அதைவிட முக்கியம் எழுத்தின் உருவம். ணா, றா, னா, லை, ளை, ணை, னை எல்லாம் பழைய மாதிரி, லை-க்கு மேலே துதிக்கை வளைந்து நிற்கும். அது 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருகிற வரைக்கும் எங்கும் வழக்கில் இருந்தது. பெரியாரின் ஏடுகளில் மட்டும் 1935-லிருந்தே புது எழுத்து. ஆகவே துதிக்கை லை இருந்தால் அநேகமாக 78-க்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கண்டிப்பாகச் சொல்ல முடியாது, வயதான பேர் வெட்டுகிறவர்கள் அதற்கு அப்புறமும் கை போன போக்கில் பழையபடியே வெட்டிக்கொண்டிருந்தார்கள். புது லை போட்டு '1962' என்று ஒரு கூஜா விற்பனைக்கு வந்தால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

அப்புறம், காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, அசல் ஸ்டீல்" என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். நிக்கல் அதிகமுள்ள நல்ல 304 ரகத்திலும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசையிலும் பெரும்பாலும் ஒட்டாது. கையில் வாங்கிக் கனம் பாருங்கள், ஓரத்தை மடித்திருக்கிற நேர்த்தியைப் பாருங்கள்.

பழைய இரும்பு மகன்

எங்கள் அப்பா காயலான் கடை வைத்திருக்கிறார், எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். எங்களைத் திட்டியே எல்லாரும் எழுதுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

பித்தளையும் செம்பும் வெண்கலமும் எடைக்கு வருகிறது, எடைக்குப் போகிறது. எங்கள் தராசில் ஏறுகிற பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தூக்கு எல்லாம் சில நாளில் உருக்குகிற இடத்துக்குப் போய்விடும். யாராவது வந்து எடை விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கேட்டால் எடுத்துக் கொடுப்போம், வராவிட்டால் உலைதான். எனாமலுக்குப் பழைய இரும்பு விலைகூடச் சரியாகக் கிடைக்காது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் விலையே இல்லை. வீடு காலி செய்கிற ஆட்களே உடைத்து மூட்டை கட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள், கடைக்கு வந்து சேர்கிறது நூற்றில் ஒன்று இருந்தால் ஆச்சரியம். இப்போது நாங்களும் போனில் பார்க்கிறோம். வெளிநாட்டில் இத்தனை டாலர் என்று காட்டுகிறது, நாங்களும் கேட்கிறோம். கேட்பதுதான் ஆறாயிரம், கொடுப்பது வேறு. அக்கா சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்துக்குப் போய், "சிவப்பு இல்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கட்டும்.

ஆரணி அண்ணி

தம்பி, தராசைப் பற்றிப் பேசினாய், சரி. தெருத்தெருவாக வந்து வயதானவர்களிடம் "பாட்டி, இதெல்லாம் எதுக்கு, பிளாஸ்டிக் குடம் இரண்டு தரேன்" என்று வெண்கலப் பானையை வாங்கிப் போகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய்? என் மாமியார் ஒரு கனமான உருளியை அப்படித்தான் கொடுத்தார்.

பழைய இரும்பு மகன்

அது தப்புதான் அண்ணி, நாங்கள் அப்படிப் போவதில்லை. ஆனால் இன்னொன்று சொல்லட்டுமா? எவர்சில்வர் நம் வீடுகளுக்கு வந்ததே பாதி அந்த வழியில்தான். பழைய துணிக்குப் பாத்திரம், பட்டுச் சேலை ஜரிகைக்குப் பாத்திரம் என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் வருவார்கள் இல்லையா, எங்கள் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒரு பட்டுச் சேலையைக் கொடுத்துவிட்டு ஒரு அடுக்கு வாங்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாராம். இன்றைக்கு அந்தச் சேலை இருந்தால் என்ன விலை போகும்? அன்றைக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாத பாத்திரம் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. தேய்த்த கைக்குத்தான் அது தெரியும்.

ஆரணி அண்ணி

அதை ஒத்துக்கொள்கிறேன். மார்கழியில் விடியற்காலை பித்தளை அண்டா தேய்த்தவர்கள் யாரும் பித்தளையைப் பற்றி உருகி எழுதமாட்டார்கள்.

சத்துவாச்சாரிவாசி

எல்லாருக்கும் நன்றி. தட்டிப் பார்த்தேன், மூன்றும் ணங் என்று ஒலித்தன. இரும்பு மகன் தம்பி சொன்னபடி செய்தேன், கடைக்காரர் கேட்டதில் பாதிக்கும் கீழே இறங்கினார், வாங்கிவிட்டேன். வீட்டுக்காரர் பற்றியும் கேட்டேன். அந்த வீட்டில் கடைசியாக இருந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம், ஊருக்குத் திரும்பின ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். காட்பாடித் தம்பியின் ஊகம் அநேகமாகச் சரி. அவர் மகள் பெங்களூரில் இருக்கிறார், நம்பர் வாங்கியிருக்கிறேன், பேசிவிட்டு எழுதுகிறேன். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, கிண்ணத்தோடு வைக்கப் போகிறேன்.

இப்போது இரண்டு கேள்வி. நீலக் கிண்ணத்தின் உள்ளே வெள்ளையாக மூடுபனி மாதிரி படிந்திருக்கிறது, போகவில்லை. பச்சையில் ஒரு பக்கம் வண்ணம் மங்கியிருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

காட்பாடி ஜங்ஷன்

மங்கியது திரும்பாது அக்கா. சபீனாவும் கம்பி நாரும் போட்டு யாரோ வருடக்கணக்கில் தேய்த்திருக்கிறார்கள், போன வண்ணம் போனதுதான். மேலே பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். இனிமேல் மெத்தென்ற ஸ்பாஞ்சும் சாதாரண சோப்பும் மட்டும்.

வெள்ளைப் படிவு நம் ஊர்த் தண்ணீரின் வேலை. பாலாற்றுக் கரை முழுக்க போர் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரோடு கலந்து உள்ளே மட்டும் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள், வெளி வண்ணத்தில் படவிடாதீர்கள். சுண்ணாம்புப் படிவாக இருந்தால் விட்டுவிடும். ஈரமாக இருக்கும்போது தெளிவாகவும் காய்ந்ததும் மறுபடி மங்கலாகவும் ஆனால் கண்ணாடியின் மேல்தோலே அரிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது.

ஆம்பூர்க்காரன்

402 சிவப்பு எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்கிறேன் அக்கா. எங்கள் பெரியம்மா வீட்டில் சிவப்பாக ஒன்றில் ஷீர் குருமா ஊற்றி வைப்பார்கள், அது இங்கிலாந்து சரக்கா அமெரிக்காவா என்று பெருநாளைக்குத் திருப்பிப் பார்க்கிறேன். விற்கமாட்டார்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தம் தறி

ராணிப்பேட்டை சார், கிண்டல் செய்ததற்கு மன்னிக்கவும், உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. பாட்டியின் பழுப்பு வெள்ளை ஊறுகாய் ஜாடி, காலியாகத்தான் பரணில் இருந்தது, வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து நிற்கிறது, துடைத்தால் மறுபடி வருகிறது. இதில் அம்மா மாவடு போட வேண்டும் என்கிறார்.

ராணிப்பேட்டைச் சூளை

மாவடு போட வேண்டாம் தம்பி. மெருகில் நுண் வெடிப்பு விழுந்து, பல வருடத்து உப்புத் தண்ணீர் உள்ளே உடம்புக்குள் இறங்கியிருக்கிறது. ஈரக்காற்று அடிக்கும்போது அது கரைந்து வெளியே வந்து காய்ந்து பூக்கிறது. அப்படியே விட்டால் அந்த உப்பு மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். ஒரு பெரிய வாளியில் ஜாடி முங்குகிற அளவுக்கு நல்ல தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ விட்டு ஊறப் போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், ஒரு வாரமோ பத்து நாளோ. மாற்றுகிற தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் கரிப்பு குறைகிறது தெரியும். கரிப்பு நின்ற பிறகு நிழலில் நிதானமாகக் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிப்பு பெரிதாகும். அதற்கப்புறம் அதில் புளிப்பும் எண்ணெயும் ஈரமும் வேண்டாம், துவரம்பருப்பு போட்டு வைக்கலாம். மூடி இருக்கிறதா? இருந்தால் மூடியின் அடியையும் ஜாடியின் அடியையும் படம் எடுத்துப் போடு, முத்திரை ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம்.